நீபோ மலையில் கால்டுவெல் தம்பதி: கொடைக்கானல் போகும் சபையாருக்கு

கொடைக்கானல் வரும் சபைக் குழுக்கள் ஏரி, தூண் பாறை, சலேத் மாதா கோயில் என்று சுற்றிவிட்டுச் சாயங்காலமே மலை இறங்கிவிடுகின்றன. மலைச்சரிவை ஒட்டிய கோக்கர்ஸ் வாக் என்ற நடைபாதை போய்ச் சேரும் இடத்தில், நீபோ மலையில் இருக்கும் தூய பேதுரு ஆலயத்துக்கு முன் நின்று ஒரு செல்ஃபி, அவ்வளவுதான். பேராயர் கால்டுவெல்லும் அவர் மனைவி எலிசா அம்மாளும் ஓய்வுக்காக வந்து சேர்ந்த ஊர் இது. அவர் நெடுங்காலம் ஊழியம் செய்த திருநெல்வேலிப் பக்கத்து இடையன்குடிக்குப் போகிறவர்கள் முதலில் இங்கே வந்துவிட்டுப் போனால்தான் அங்கே இருக்கும் அவர் கல்லறைக்குப் பொருள் புரியும் என்பது எங்கள் கருத்து.

கால்டுவெல் ஊழியத்தின் இரு முனையிலும் மலைதான். 1841-ல் சென்னையிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டவர் தஞ்சை, திருச்சி, கோவை வழியாக நீலகிரி ஏறினார். ஊட்டியில் பேராயர் ஸ்பென்சரிடம் குருப்பட்டம் பெற்ற பிறகே இடையன்குடிக்கு இறங்கினார். அரை நூற்றாண்டு கழித்து, 1891 ஜனவரி முடிவில் பொறுப்பை விட்டுக் கொடைக்கானல் வந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 28-ல் இங்கேயே காலமானார்.

நடுவில் உள்ள காலத்தைப் பேசும்போது நம் ஆட்கள் 1856-ல் வந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அம்மாளைப் பற்றி ஒரு வரிகூட வருவதில்லை. நாகர்கோவில் மிஷனரிகளான சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதியின் மகள் எலிசா. தமிழ் காதில் விழ வளர்ந்தவர். 1844-ல் திருமணம். தேரிக்காட்டுப் பனைமரங்களுக்கு நடுவே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப்பள்ளி நடத்தினார். தாயார் நாகர்கோவிலில் தொடங்கிய லேஸ் வேலையை இடையன்குடிப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

லேஸ் என்றதும் கொக்கி ஊசிப் பின்னல் என்று நினைக்க வேண்டாம். கெட்டியாக அடைத்த திண்டின் மேல் துளையிட்ட காகித மாதிரியைப் பொருத்துவார்கள். நூல் சுற்றிய சிறு கட்டைகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். இரண்டு ஜோடியை எடுத்து, மாற்றிப் போட்டு, முறுக்கி, துளையில் குண்டூசி குத்தி நிறுத்த வேண்டும். ஊசியை அவசரப்பட்டு உருவினால் பின்னல் சுருங்கிப் போகும். திண்டு தளர்ந்திருந்தால் ஊசி சாயும், பின்னலின் கண்கள் பெரிதும் சிறிதுமாக விழும். கை வியர்த்தால் வெள்ளை நூல் அழுக்காகிவிடும். இடையன்குடி வெயிலில் இது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்று எண்ணிப் பாருங்கள்.

மலையில் பார்க்க வேண்டியதைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் மூட்டம் ஏறினால் கோக்கர்ஸ் வாக்கில் பக்கத்தில் நிற்பவரே தெரியமாட்டார். வான் ஆலன் மருத்துவமனைப் பக்கம் நுழைந்தால், நீபோ மலையைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் நடையில் ஆலயத்தருகே வந்துவிடலாம். உள்ளே வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைப் பார்க்க வெளிச்சம் வேண்டும். குழுவாக ஜெபிக்க விரும்பினால் ஆயரிடம் முன்கூட்டியே பேசுங்கள். ஞாயிறு ஆராதனை நேரத்தில் கேமராவோடு நுழையாதீர்கள்.

இந்த மலைக்கு நீபோ என்ற பெயர் பொருத்தமானது. 1845-ல் மதுரை அமெரிக்க மிஷனார் இதன் அடிவாரத்தில்தான் சன்னிசைட், ஷெல்டன் என்ற முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். கீழே காய்ச்சலும் காலராவும் மிஷனரிக் குடும்பங்களைக் கொண்டுபோய்க்கொண்டிருந்த காலம். மேகம் விலகும்போது நடைபாதையில் நின்று உபாகமம் 34-ஐ வாசியுங்கள். மோசே நீபோவிலிருந்து கானானைப் பார்த்தார், ஆனால் உள்ளே போகவில்லை. கால்டுவெல்லுக்கு அப்படி இல்லை. உயிர் மலையில் பிரிந்தாலும் உடல் இடையன்குடிக்குப் போய்ச் சேர்ந்தது. கார் போகும் சாலை இல்லாத நாளில் சுமந்தே இறக்கியிருக்க வேண்டும்.

இப்போது ஏறுவது சுலபம், ஆனால் சபைச் சுற்றுலாக்கள் சறுக்கும் இடங்கள் உண்டு. சொந்த வண்டியோ வாடகை வண்டியோ, இணையத்தில் எடுக்கும் இ-பாஸ் என்ற அனுமதிச்சீட்டு கட்டாயம். வண்டி எண், ஆட்களின் எண்ணிக்கை, தங்குமிடம் எல்லாம் கேட்பார்கள். அரசுப் பேருந்தில் வந்தால் தேவையில்லை. 12 மீட்டருக்கு மேல் நீளமான பேருந்துக்கு மலைச்சாலையில் அனுமதி கிடையாது. செலவு மிச்சம் என்று பெரிய பஸ் பேசிவிட்டு, அடிவாரத்தில் வேன் தேடுவது வழக்கமாகிவிட்டது. சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களைச் சோதனைச்சாவடியில் பிடிப்பார்கள், எவர்சில்வர் பாட்டிலே நல்லது. வத்தலக்குண்டில் வயிறு நிறைய பரோட்டா சாப்பிட்டுவிட்டு வளைவுகளில் ஏறினால் ஜன்னலோர இருக்கைக்கு அடிதடிதான். இட்லியோடு நிறுத்துங்கள். முதியவர்களை முன் இருக்கைகளில் உட்கார வையுங்கள். மே மாத நெரிசலையும் ஐப்பசி மழையையும் தவிர்ப்பது நல்லது.

இடையன்குடிக்கு மதுரை, திருநெல்வேலி வழியாகத் திசையன்விளை போக வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் முடிக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள், இரவு திருநெல்வேலியில் தங்குங்கள். 1847-ல் தொடங்கி 33 ஆண்டுகள் கட்டி 1880-ல் பிரதிஷ்டை செய்த தூய திரித்துவ ஆலயத்தில், பலிபீடத்தின் கீழே கால்டுவெல் கல்லறை இருக்கிறது. அவர்கள் குடியிருந்த வீடும் நினைவிடமாக இருக்கிறது. அங்கே போனால் லேஸ் வேலையையும் விசாரியுங்கள்.