தொடர் கணக்கும் நடப்புப் பருவமும்: ஒரு கல்லூரிக் கால்பந்து நாட்குறிப்பு

2024 செப்டம்பர் 14, சனி

இரு அணிகள் காலங்காலமாக மோதிவந்த தொடரின் மொத்த வெற்றி தோல்விக் கணக்கு நடப்புப் பருவத்தில் எவ்வளவு பொருட்படும்? பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தின் கல்லூரி ஆட்டங்களில் இந்தக் கேள்விக்குத்தான் விடை தேடுகிறேன். சியாட்டிலில் இன்று நடந்த ஆப்பிள் கோப்பை ஆட்டத்தில் (வாஷிங்டன் மாநிலத்தின் இரு பல்கலைக்கழக அணிகளும் மோதும் ஆட்டம்) வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை வாஷிங்டன் ஸ்டேட் 24-19 என வென்றது. ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் கோல் கோட்டுக்கு மிக அருகே வந்துவிட்ட எதிரணியை, அதன் நான்காவதும் கடைசியுமான முயற்சியில் வாஷிங்டன் ஸ்டேட் தடுத்து நிறுத்திய காட்சியை நான் மறக்கப்போவதில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே கூட்டமைப்பில் இருந்த இவ்விரு அணிகளுள் வாஷிங்டன் பல்கலைக்கழகம் இப்போது பிக் டென் என்ற வேறு கூட்டமைப்புக்குப் போய்விட்டது. வாஷிங்டன் ஸ்டேட், பத்து அணிகள் வெளியேறிய பழைய கூட்டமைப்பான பேக்-12இல் ஓரிகன் ஸ்டேட்டுடன் தனித்து நிற்கிறது. வேறு கூட்டமைப்புகளிலிருந்து யாருக்கு அழைப்பு வரும் என்பதைத் தொலைக்காட்சிப் பணமே பெரும்பாலும் தீர்மானித்தது என்றாலும், அந்தப் பணத்தை ஈர்க்கும் புகழ் பழைய வெற்றிகளால் சேர்ந்தது என்பதையும் மறுக்க இயலாது. வரலாறு இன்னும் செல்லுபடியாகும் இடம் களத்தைவிட ஒப்பந்த மேசைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

2024 அக்டோபர் 12, சனி

டாலஸில் ஓக்லஹோமாவை டெக்சாஸ் 34-3 என நசுக்கியது. இரண்டும் எஸ்இசி என்ற கூட்டமைப்புக்கு மாறிய பின் சந்தித்த முதல் ஆட்டம் இது. 1953 முதல் 1957 வரை தொடர்ந்து 47 ஆட்டங்களை வென்ற ஓக்லஹோமாவின் சாதனையை இதுவரை எவரும் முறியடிக்கவில்லை. ஆனால் இன்று அந்த அணியால் பந்தை உதைத்து மூன்று புள்ளிகள் பெறும் ஒரேயொரு ஃபீல்டு கோலைத்தான் அடிக்க முடிந்தது.

எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம், ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் மோதும் பெட்லம் ஆட்டம், ஓக்லஹோமா கூட்டமைப்பு மாறியதால், இந்த ஆண்டு இல்லாமல் போனது. 1904இல் தொடங்கிய அந்தத் தொடரில் ஓக்லஹோமா 91 முறை வென்றது, 20 முறை தோற்றது, 7 ஆட்டங்கள் சமனில் முடிந்தன. இவ்வளவு ஒருதலைப்பட்சமான கணக்கு இருந்தும் பகை தணியவில்லை என்பதையும், சென்ற நவம்பரில் ஓக்லஹோமா ஸ்டேட் 27-24 என வென்றபோது ரசிகர்கள் களத்துக்குள் பாய்ந்ததையும் பார்த்தால், பகையை வளர்ப்பது ஆண்டுதோறும் நேரும் சந்திப்புதான் என்று உறுதியாகச் சொல்வேன். நெப்ராஸ்கா 2011இல் பிக் டென்னுக்குப் போனதும், 1971இல் ஓக்லஹோமாவை அது 35-31 என வென்ற அந்த மாபெரும் ஆட்டத்தின் நினைவால்கூட ஓக்லஹோமாவுடனான பகையை உயிர்ப்புடன் வைத்திருக்க முடியவில்லை.

2024 நவம்பர் 30, சனி

நாட்டின் இரண்டாம் நிலை அணியான ஒஹாயோ ஸ்டேட், தரவரிசையிலேயே இல்லாத மிச்சிகனிடம் சொந்த மண்ணான கொலம்பஸில் 13-10 எனத் தோற்றது. தொடர்ந்து நான்காவது தோல்வி. ஆட்டம் முடிந்ததும் மிச்சிகன் வீரர்கள் தங்கள் கொடியைக் களத்தின் நடுவே நட முயல, கைகலப்பு மூண்டு, காவலர்கள் மிளகுத் தெளிப்பானைப் பயன்படுத்த நேர்ந்தது.

தொடரின் மொத்தக் கணக்கில் மிச்சிகன் முன்னிலையில் இருக்கிறது. 1897இல் தொடங்கிய இத்தொடரில் ஒஹாயோ ஸ்டேட் தன் முதல் வெற்றியை 1919இல்தான் பெற்றது. அந்த இருபதாண்டில் சேர்ந்த முன்னிலையை மிச்சிகன் ரசிகர்கள் இன்றும் வாதத்தில் எடுத்துப் போடுகிறார்கள். அந்த வாதம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. இன்று கொலம்பஸில் வலித்தது 1919க்கு முந்தைய கணக்கு அன்று. 2021, 2022, 2023 என்ற மூன்று ஆண்டுகளின் தோல்விகள்தான் இன்றைய தோல்வியை இத்தனை கனமாக்கின. ஒஹாயோ ஸ்டேட் பயிற்சியாளர் ரயன் டேவை நீக்க வேண்டும் என்ற குரல் இரவுக்குள்ளேயே எழுந்துவிட்டது.

2025 ஜனவரி 20, திங்கள்

தேசியப் பட்டத்துக்காகப் பருவ இறுதியில் நடக்கும் பிளேஆஃப் சுற்றில் பன்னிரண்டு அணிகள் ஆடியது இதுவே முதல் முறை; அதில் டென்னஸி, ஓரிகன், டெக்சாஸ் ஆகிய அணிகளை வீழ்த்திய ஒஹாயோ ஸ்டேட், இன்று அட்லாண்டாவில் நோட்டர் டேமையும் 34-23 என வென்று தேசியப் பட்டத்தைப் பெற்றது. நான்கு அணிகள் மட்டுமே ஆடிய பழைய முறையில், நவம்பர் தோல்வி இந்த அணியின் பருவத்தை அன்றே முடித்திருக்கும். பட்டம் வென்ற பிறகும் மிச்சிகனிடம் தோற்றதைப் பற்றி டே கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருப்பார். அந்தக் கேள்விகள் நியாயமானவை என்றே கருதுகிறேன்.