உளுந்து நிற அறை

ஜூன் 19
பெயிண்டர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். மேற்குச் சுவர் முழுக்கப் பொத்துக்கொண்டு நிற்கிறது. சுரண்டி, பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடித்து, அப்புறம்தான் பெயிண்ட். எட்டு நாள் கேட்கிறார். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கா என்று வாய் வரை வந்தது. ஈரம் போகாமல் அடித்தால் ஐப்பசி மழைக்கு உப்பிவிடும் என்றார். சரி என்றேன்.

அம்மாவை எப்போது கூட்டி வருவான் என்று தம்பி இன்னும் தேதி சொல்லவில்லை.

ஜூன் 20
ஷேடு கார்டில் ஒரு பக்கம் முழுக்க கிரீம். ஒன்று மஞ்சளுக்கு ஓடுகிறது, ஒன்று ரோஸுக்கு. கடையில் நின்று நின்று கால் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் பெயிண்டரிடம், "தோல் போன உளுந்து நிறம் வேண்டும்" என்றேன். அவர் யோசிக்கவே இல்லை, நேராக ஒன்றில் விரலை வைத்தார். அதேதான்.

அம்மா விடியற்காலையில் அடுப்படித் திண்ணையில் உட்கார்ந்து உளுந்து களைவாள். கறுப்புத் தோல் தண்ணீரோடு மிதந்து போகும். விரலுக்கு அடியில் பருப்பு வெளுத்துக்கொண்டே வரும். பள்ளிக்கூடத்துக்கு நேரமானாலும் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்தக் கறுப்பும் இந்த வெளுப்பும்தான் அறைக்கு. கடைப் பையனுக்கு இதை எப்படிச் சொல்வது?

ஜூன் 21
ஆறு லிட்டர். மேட் ஃபினிஷ். பளபளப்பு வேண்டவே வேண்டாம், விளக்கு வெளிச்சம் சுவரில் பட்டுக் கண்ணில் அடிக்கும்.

ஜூன் 22
அத்தை போன் பண்ணினாள். படுக்கிற அறையில் கறுப்பா, அதுவும் உடம்பு முடியாதவளுக்கா என்று ஒரே சத்தம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா தொட்டுப் புழங்கியதெல்லாம் கறுப்புதானே? அம்மி கறுப்பு, உரல் கறுப்பு, புளிக்குழம்பு கொதித்த கல்சட்டி கறுப்பு. எனக்குக் கண்ணேறு படக்கூடாதென்று கன்னத்தில் வைத்த பொட்டும் கறுப்பு. இதையெல்லாம் அத்தையிடம் சொல்லவில்லை. "கொஞ்சமாத்தான் அடிக்கிறோம் அத்தை" என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 24
தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளித்துப் போகிறது, கண்பாவையும் சுருங்குகிறது. 20 வயதில் கண்ணுக்குள் போன வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் போகிறதாம். அம்மாவுக்கு 78. அப்படியானால் வெள்ளைச் சுவரில் வெள்ளை ஸ்விட்ச் போர்டு அவளுக்கு இல்லாத மாதிரிதான். தம்பி வீட்டில் வெள்ளைச் சுவரைத் தடவித் தடவி அவள் நின்றது, நாங்கள் "என்னம்மா தேடுற?" என்று அதட்டியது, எல்லாம் கண்ணுக்குள் வருகிறது. அவள் கதவைத் தேடியிருக்கிறாள்.

சில ஷேடு கார்டுகளில் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் இருக்கும். வெளிச்சத்தை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பதற்கு. முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பரப்புகளுக்குக் குறைந்தது 30 வித்தியாசம் இருந்தால்தான் பார்வை மங்கியவர்களுக்குப் பிரிந்து தெரியும் என்பது பிரிட்டனில் கட்டடங்களுக்கு வைத்திருக்கும் அளவு. நம்முடைய கிரீம் 75 பக்கம், கறுப்பு 5 பக்கம். போதும். போதுமா?

கறுப்பு எங்கே என்று முடிவு செய்துவிட்டேன். நிலைக்கட்டை, ஸ்விட்ச் போர்டைச் சுற்றி ஒரு சட்டம், கட்டில் விளிம்பு, பாத்ரூம் கைப்பிடி, வெள்ளை கம்மோடுக்குக் கறுப்பு சீட். கை போக வேண்டிய இடமெல்லாம் கறுப்பு.

ஜூன் 25
தம்பி போன் இல்லை.

ஜூன் 27
முதல் கோட் முடிந்தது. டியூப்லைட்டைப் போட்டால் கிரீம் செத்துப்போய்ச் சாம்பலாகத் தெரிகிறது. நீலம் ஓடும் வெள்ளை வெளிச்சம் தரும் 6500 கெல்வின் குழலைக் கழற்றிவிட்டு, மஞ்சள் வெளிச்சம் தரும் 3000 போட்டோம். இப்போது உளுந்து.

ஜூன் 30
மதுரைப் புதுமண்டபத்துத் தையல்காரர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறார்கள். கிரீம் காட்டனில் திரை, அடியில் நான்கு விரல் கறுப்புப் பட்டை. எதற்கு அடியில் பட்டை என்று கேட்டார். தரையும் திரையும் ஒன்றாகத் தெரியக்கூடாது என்றேன். ஒன்றும் சொல்லாமல் பட்டையை இரட்டைத் தையலாகப் போட்டுக் கொடுத்தார். அதற்குத் தனிக் காசும் வாங்கவில்லை.

வரும் வழியில் கட்டிலுக்குப் பக்கத்தில் போட ஒரு கறுப்புக் கம்பளம். கால் சில்லிடக் கூடாது.

ஜூலை 3
தம்பி: "அக்கா, ஆடி பிறக்கிறதுக்கு முன்னாடி கூட்டிட்டு வந்துர்றேன்." குரல் ஓய்ந்து கிடந்தது. நான் எதுவும் கேட்கவில்லை.

ஜூலை 6
அம்மா வந்துவிட்டாள். திருநெல்வேலியிலிருந்து மூன்று மணி நேரக் கார். அறையைச் சுற்றிப் பார்த்தாள். "யார் வீடு ஏட்டி?" என்றாள். நம்ம வீடு என்றேன். நிலைக்கட்டையைத் தடவிப் பார்த்தாள். "நல்லாருக்கு. அவங்க எப்ப வருவாங்க?"

ஜூலை 7
கட்டிலை விட்டு இறங்கவே மாட்டேன் என்கிறாள். காலைத் தொங்கப் போடுவாள், கம்பளத்தைப் பார்ப்பாள், காலை மேலே இழுத்துக்கொள்வாள். பத்து மணி வரை இப்படியே. அதற்குள் துணியெல்லாம் நனைந்துவிட்டது. நான் சத்தம் போட்டுவிட்டேன். அப்புறம் மெதுவாகக் கேட்டேன், "என்னம்மா?"

"கெணத்தை மூடாம போட்டிருக்கீங்களே ஏட்டி. பிள்ளைங்க விழுந்துறாதா?"

ஜூலை 8
கம்பளம் பரணில். இரவு முழுக்க அந்தக் கறுப்பை அவள் கண்ணால் பார்க்கப் பார்த்தேன். கிரீம் அறையின் நடுவே நாலுக்கு ஆறடியில் கறுப்பாக ஒரு குழி. ஆமாம், கிணறுதான். எத்தனை நாள் யோசித்தேன், எத்தனை கடை ஏறினேன், கை எங்கே போகும் என்று மட்டுமே பார்த்திருக்கிறேன். கால் எங்கே போகும் என்று பார்க்கவில்லை. இவர் தரைக்குக் கறுப்பு ஆகாது என்று தாளில் எழுதிப் பீரோவில் ஒட்டினார், ஏதோ வீட்டுச் சட்டம் மாதிரி. எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

ஜூலை 9
மொசைக் தரை. இந்த வீட்டுக்கு வந்து 22 வருடம், அதில் கறுப்புச் சில்லு இருப்பதை இன்றுதான் பார்க்கிறேன். அம்மா குனிந்து அதைக் கிள்ளிக் கிள்ளி எடுக்கப் பார்க்கிறாள். "உளுந்து சிந்திக் கெடக்கு, பொறுக்கு." நகம் மடங்கிவிட்டது. விழுந்துவிடுவாளோ என்று பின்னாலேயே நிற்கிறேன்.

ஜூலை 10
சாயங்காலம் ஐந்தரை. ஜன்னல் கம்பி நிழல் மேற்கு வெயிலில் நீண்டு எதிர்ச்சுவரில் விழுந்தது. கிரீம் மேல் கறுப்புக் கோடுகள். இரண்டும் நான் பார்த்துப் பார்த்து எடுத்த நிறங்கள்தான். எனக்கே ஜெயில் மாதிரி இருந்தது. அம்மா கதவைத் தட்ட ஆரம்பித்தாள், வீட்டுக்குப் போகணும் என்று. ஒன்றரை மணி நேரம்.

நாளையிலிருந்து நான்கு மணிக்கே திரையை இழுத்துவிட்டு விளக்கைப் போட்டுவிட வேண்டும். இருட்டும்வரை காத்திருக்கக் கூடாது.

ஜூலை 11
பீரோக் கண்ணாடியில் தெரிவது யார் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. துணி போட்டு மூடினேன்.

ஜூலை 12
இரவு இரண்டு மணி. சத்தம் கேட்டு எழுந்து ஓடினேன். அம்மா கட்டிலில் இல்லை. பாத்ரூம் கதவு திறந்திருந்தது, கறுப்புக் கைப்பிடியில் ஈரம். அவளே போய், சரியாக அந்தக் கறுப்பு சீட்டில் உட்கார்ந்து, அவளே திரும்பி வந்துகொண்டிருந்தாள். யாரையும் கூப்பிடவில்லை. யாரும் கையைப் பிடிக்கவில்லை. என்னைப் பார்த்து, "தூங்கலையா நீ?" என்றாள்.

தம்பிக்கு அந்த நேரத்திலேயே போன் பண்ணினேன். அவனும் விழித்துத்தான் இருந்தான்.

ஜூலை 13
மழை. திரையை இழுத்தோம். நான்கு மணி விளக்கு. சத்தமே இல்லை.

ஜூலை 15
வினைல் ஷீட் ஒட்டிப் போனார்கள். புள்ளி இல்லை, கோடு இல்லை. சுவரை விட இரண்டு படி அடர்ந்த கிரீம், ஓரத்தில் கறுப்பு ஸ்கர்ட்டிங். தரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே ஏறுகிறது என்று எனக்கே இப்போதுதான் தெளிவாகத் தெரிகிறது. அறை அழகாக இருக்கிறது. உண்மையாகவே அழகாக இருக்கிறது. அம்மா வெறுங்காலோடு குறுக்கே நடந்தாள், தயங்கவில்லை.

ஜூலை 16
காலையிலிருந்து தேடுகிறாள். கட்டிலுக்கு அடியில், திரைக்குப் பின்னால், என் முந்தானையை விரித்து. "எங்க ஏட்டி போச்சு உளுந்து? இங்கதான கெடந்துச்சு?" கூட்டிப் பெருக்கிவிட்டேன் என்று சொன்னது தப்பு. நாளை இட்லிக்கு என்ன செய்வோம் என்று உட்கார்ந்து அழுகிறாள்.

இவர் கடைக்குப் போயிருக்கிறார். தோலோடு இருக்கிற முழு உளுந்து, அரைக் கிலோ. பரணில் பழைய சுளகு இருக்க வேண்டும், கம்பளத்துக்கு அடியில்.