பல்லாவரத்து வெள்ளிக்கிழமை

குரோம்பேட்டையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கும் என் சித்தியிடம், "இங்கே சாமான் வாங்க நல்ல கடை எது சித்தி?" என்று கேட்டேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "என்ன சாமான், என்னைக்கு வாங்கப் போறே?" என்று திருப்பிக் கேட்டார். வேலை நிமித்தமாகத் திருநெல்வேலியிலிருந்து வந்து அவர் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்த எனக்கு, கிழமையைச் சொன்னால்தான் கடையைச் சொல்ல முடியும் என்ற இந்தக் கணக்கு அப்போது புரியவில்லை.

சென்னையின் தென்புறநகரில் ஜி.எஸ்.டி. சாலை எனப்படும் கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடும் ரயில் பாதையும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒட்டியே ஓடுகின்றன. திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம் என்று அடுத்தடுத்து நிலையங்கள் வருகின்றன. 1931-இலிருந்தே மின்சார ரயில் ஓடும் தடம் இது. 2021-இல் பல்லாவரத்தையும் தாம்பரத்தையும் சுற்றியுள்ள பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். சாலையோரத்தில் பல மாடித் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் உண்டு. அவற்றைப் பற்றி நான் எழுதுவதற்கில்லை, விளம்பரப் பலகைகளே வேண்டிய மட்டும் சொல்லிவிடுகின்றன. ரயிலில் ஐந்து ரூபாய்ச் சீட்டு வாங்கி, ஒரே நிலையம் தள்ளி இறங்கினால் கிடைக்கும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைதான் நான் சொல்ல வந்த விஷயம்.

சந்தை கூடுவது பழைய டிரங்க் ரோட்டில். தெற்கே போகும் போக்குவரத்தையெல்லாம் இன்று ஜி.எஸ்.டி. சாலை வாங்கிக்கொண்டுவிட, கன்டோன்மென்ட் என்ற ராணுவக் குடியிருப்புப் பகுதியை ஒட்டிய இந்தப் பழைய சாலை வாரத்தில் ஆறு நாள் சாதாரணத் தெருவாகக் கிடந்து, வெள்ளிக்கிழமை மட்டும் தார்ப்பாய்களாலும் குடைகளாலும் மூடப்பட்டுவிடுகிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட சந்தை என்றும், மாட்டுச் சந்தையாகத் தொடங்கியது என்றும் உள்ளூரில் சொல்கிறார்கள். பழைய பொருள் தேடுகிறவர்களுக்குப் பல்லாவரம் ராசியான ஊர் என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட், 1863 மே மாதத்தில் இந்தியாவின் பழைய கற்காலக் கருவிகளில் முதலாவதாக அறியப்பட்ட கல்லாயுதத்தைக் கண்டெடுத்தது இங்கேதான். அவர் பேரம் பேச வேண்டிய தேவை இருந்திருக்காது.

முதல் வெள்ளியன்று காலை எட்டரைக்கெல்லாம் போய்விட்டோம். சித்தி ஆளுக்கு இரண்டு துணிப்பைகளும், செடிக்காகத் தனியாக ஒரு பிளாஸ்டிக் வாளியும் எடுத்துக்கொண்டார். வாளி எதற்கு என்று கேட்டதற்கு, "செடியைப் பையில போட்டா ரயில்ல எவனாவது முட்டிக் கிளையை ஒடிச்சுடுவான்" என்றார்.

இந்தச் சந்தையில் நான் அதிக நேரம் செலவழித்தது செடிக்காரர்களிடம். வரிசையாக மல்லி, செம்பருத்தி, ஒட்டு ரோஜா, ஒட்டு மா, கறிவேப்பிலை என்று கறுப்புப் பைகளில் நிற்கின்றன. பூத்துக் குலுங்கும் செடியை நோக்கி நான் கையை நீட்டியபோது சித்தி தடுத்து, மொட்டு மட்டும் விட்டிருந்த இன்னொன்றை எடுத்தார். பூவோடு வாங்கினால் வீட்டுக்குப் போவதற்குள் பூ உதிர்ந்துவிடும், அடுத்த பூவுக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஒட்டு ரோஜாவில் ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழே தளிர் வந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். அங்கிருந்து கிளம்புவது காட்டு ரோஜாவின் தளிர்; கிள்ளாமல் விட்டால் அதுவே வளர்ந்து மேலே உள்ள நல்ல ரகத்தை அமுக்கிவிடும். பிறகு பையின் அடிப்பக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். சென்னைக்கு வரும் செடிகளில் பெரும்பங்கு ராஜமுந்திரிக்குப் பக்கத்திலுள்ள கடியம் நாற்றங்கால்களிலிருந்து வருகிறது. அங்கே வேரைச் சுற்றிக் கெட்டியான களிமண்ணை உருட்டி வைத்து அனுப்புகிறார்கள். நெடும் பயணத்தில் வேர் காயாமலிருக்க அது உதவுகிறது. ஆனால் அந்த உருண்டையை அப்படியே தொட்டியில் நட்டுவிட்டால், சுற்றியுள்ள மண் நனைந்தாலும் உருண்டைக்குள் தண்ணீர் சரியாக இறங்காது, வேரும் வெளியே வர மறுக்கும். மாடித் தோட்டம் போட்ட பலருடைய ரோஜா இரண்டே மாதத்தில் போய்ச் சேர்வதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அன்று மாலை வாளித் தண்ணீரில் செடியை ஊறவைத்து, களிமண் கரையக் கரைய வேர் அறாமல் பிரித்தெடுத்த பிறகுதான் வாளியின் முழு உபயோகம் எனக்குத் தெரிந்தது.

அடுத்தது இரும்புச் சாமான்கள். அரிவாள்மணை, தோசைக்கல், குழிப்பணியாரக் கல், அப்பச்சட்டி எல்லாம் சாக்கின் மேல் பரப்பிக் கிடந்தன. வார்ப்பிரும்புத் தோசைக்கல்லைக் கைப்பிடியில் தொங்கவிட்டு ஒரு கரண்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் ஓசை கம்மென்று அடங்கிவிடும், நல்ல கல் மணி மாதிரி இழுத்து ஒலிக்கும். தட்டிய பிறகு சித்தி அதைக் கவிழ்த்துத் தரையில் வைத்து நான்கு பக்கமும் அழுத்தினார். ஆடினால் தோசை ஒரு பக்கம் கருகி மறுபக்கம் வேகாமல் நிற்குமாம். 'பழக்கிய கல்' என்று கூடுதல் விலைக்கு விற்றவற்றை அவர் தொடவே இல்லை. அரிசி களைந்த நீரில் இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டு, தேய்த்துக் கழுவி, நல்லெண்ணெய் தடவிக் காயவைத்து, முதல் வாரம் அதில் வெங்காயம் மட்டும் வதக்கிக்கொண்டிருந்தால் எந்தக் கல்லும் வழிக்கு வந்துவிடும் என்றார். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் ஒட்டாத பூச்சுப் பூசிய கல்லை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்பது என் சொந்தக் கருத்து.

பழைய சாமான்கள் விற்கும் பகுதிக்குப் போனபோது வெயில் ஏறிவிட்டது. கைவிட்ட அலுவலக நாற்காலிகள், ஒற்றைக் கதவு பீரோ, மிக்சி ஜாடிகள், சார்ஜர் குவியல்கள், மணி அடிக்காத சுவர்க் கடிகாரங்கள். அவற்றுக்கு நடுவே தோல் உறை போட்ட ஒரு பழைய டிரான்சிஸ்டர் இருந்தது. என் தாத்தா வயலுக்குக் கொண்டுபோனதைப் போன்ற ஒன்று. அதனாலேயே எனக்குப் பேரம் பேசும் தெம்பு போய்விட்டது. விற்றவர் கையோடு வைத்திருந்த பேட்டரிகளைப் போட்டுத் திருகிக் காட்டினார். இரைச்சலுக்கு நடுவே ஒரு பாட்டும் கேட்டது. நானூற்றைம்பது சொன்னதைச் சித்தி முந்நூற்று இருபதுக்குக் கொண்டுவந்தார். குடைக்கம்பியில் ஜிபே அட்டை தொங்கியது; ஆனால் அந்தக் கூட்டத்தில் என் கைப்பேசி வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. சித்தியின் சுருக்குப்பையில் முந்நூறும் ஓர் ஐந்நூறு ரூபாய்த் தாளும் இருந்தன. விற்றவரிடம் சில்லறை இல்லை. "இருபது ரூபா அடுத்த வெள்ளி குடும்மா, எங்கே ஓடிடப் போறே" என்றார் அவர். "பாட்டு நின்னு போச்சுன்னா?" என்று சித்தி கேட்க, "நானும் இங்கேதாம்மா இருப்பேன், எடுத்துட்டு வா" என்று பதில் வந்தது. ரசீது என்று ஒரு துண்டுத்தாள் கூடக் கிடையாது. ஆனால் இந்தச் சந்தையில் ஒவ்வொரு வியாபாரியும் வாரா வாரம் ஏறக்குறைய அதே இடத்தில்தான் கடை விரிக்கிறார் என்பதைச் சித்தி எனக்கு விளக்கினார். எதிரே எந்தக் கடை இருக்கிறது, பக்கத்தில் எந்த மின்கம்பம் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளச் சொன்னார். நீலக் கதவு, இருபத்தேழாம் எண் மின்கம்பம் என்று நான் குறித்துக்கொண்டேன்.

இங்கே வாங்கக் கூடாதவையும் உண்டு. பழைய கைப்பேசியை ரசீதில்லாமல் வாங்கினால், அது யாருடைய சட்டைப்பையிலிருந்து வந்தது என்ற கேள்விக்கு ஒரு நாள் நீங்கள் பதில் சொல்ல நேரலாம். கூண்டுப் பறவைகள் விற்கும் இடத்தில் லவ் பேர்ட்ஸும் புறாவும் வாங்குவது சரி. நம் நாட்டுப் பச்சைக்கிளியை யாராவது மறைவாக நீட்டினால் நகர்ந்துவிடுங்கள், 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்பதும் வளர்ப்பதும் குற்றம்.

மற்ற கிழமைகளுக்குச் சித்தியிடம் வேறு கணக்கு இருந்தது. காய்கறியும் பூவும் மொத்தமாக வேண்டுமென்றால் மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலை. நிலையத்திலிருந்து நடந்து போய்விடலாம்; விலை மலிவு, நெரிசல் அதிகம், விசேஷ நாளுக்கு முந்தைய மாலையில் போகாமலிருப்பது நல்லது. வீட்டுக்கு அன்றாடம் வேண்டிய கீரையைத் தெருமுனை ஆயாவிடம்தான் வாங்குவார்.

துணிக்கு அவர் காட்டிய இடம் நான் எதிர்பாராதது. பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் போகும் பேருந்தில் ஏறி, பம்மலைத் தாண்டி அனகாபுத்தூரில் இறங்கச் சொன்னார். அடையாற்றங்கரையில் இருக்கும் இந்த ஊர் நெசவாளர் ஊர். 'ரியல் மெட்ராஸ் கைக்குட்டை' என்ற கட்டம் போட்ட துணி இங்கே நெய்யப்பட்டு ஒரு காலத்தில் நைஜீரியாவுக்குக் கப்பலேறியது. கைக்குட்டை என்று பெயர் இருந்தாலும் அங்கே அதை உடுத்தினார்கள். அந்த ஏற்றுமதி நின்ற பிறகு தறிகள் ஒவ்வொன்றாக அடங்கிப்போக, எஞ்சியவர்களில் சிலர் வாழைநார் போன்ற இயற்கை நார்களைப் பருத்தியோடு சேர்த்துச் சேலை நெய்யத் தொடங்கினார்கள். நான் போன வீட்டில் ஓர் அம்மா வாழைநாரை முடிச்சு முடிச்சாக இணைத்துக்கொண்டிருந்தார். பட்டையிலிருந்து உரித்த நார் மரத்தின் உயரத்துக்கு மேல் நீளம் வராது என்பதால், ஒரு சேலைக்கு அப்படி எத்தனை முடிச்சுகள் என்று கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, விலையைக் குறைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலைக்கு மேல் இறங்கும் விமானத்தின் சத்தத்தில் நடுவே இரண்டு முறை பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது. துணி கையில் சற்றே விறைப்பாக இருந்தது, துவைக்கத் துவைக்க மெதுவாகும் என்றார் அவர்.

டிரான்சிஸ்டர் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ஊமையாகிவிட்டது. புது பேட்டரி போட்டும் பலனில்லை. இரண்டாம் வெள்ளியன்று எடுத்துக்கொண்டு போனால், விடியற்காலையிலிருந்து மழை. செடிக்காரர்கள் மட்டும் அலட்டிக்கொள்ளாமல் நின்றிருக்க, நீலக் கதவுக்கு எதிரே தண்ணீர் தேங்கிக் கிடந்தது. பக்கத்தில் தார்ப்பாய்க்குக் கீழே பூட்டு சாவி விற்றுக்கொண்டிருந்தவர், "மழைன்னா அவரு வரமாட்டாருக்கா, எலெக்ட்ரிக் சாமான் ஆச்சே" என்றார். முந்நூறு ரூபாய் போயிற்று என்று நான் அங்கேயே தீர்மானித்துவிட்டேன். சித்தி முடிவு எதுவும் சொல்லவில்லை.

மூன்றாம் வெள்ளி நல்ல வெயில். மின்கம்பத்தடியில் அவர் இருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கையை நீட்டி டிரான்சிஸ்டரை வாங்கி, பின்மூடியின் திருகாணியைக் கழற்றி, உள்ளே ஒரு சிவப்புக் கம்பி பேட்டரித் தகட்டிலிருந்து பிய்ந்து நிற்பதைக் காட்டினார். பக்கத்தில் இன்வெர்ட்டர் வைத்திருந்தவரிடம் ஈயம் பற்றவைக்கும் கோலைச் சூடேற்றி வாங்கி, ஈயத்தை ஒரு பொட்டு வைத்துக் கம்பியை ஒட்டினார். ஒட்டிய இடத்தை வாயால் ஊதி ஆற்றிவிட்டுத் திருகினார். முதலில் கரகரவென்றது, பிறகு ஒரு பெண் குரல் தெளிவாகச் செய்தி வாசித்தது.

கூலி எவ்வளவு என்று நான் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் சித்தியைப் பார்த்து, "பழைய பாக்கி இருபது ரூபா" என்றார். சித்தி சுருக்குப்பையை அவிழ்க்கவில்லை. செய்தி முடியட்டும் என்று கையைக் காட்டினார். மூன்று பேரும் நின்று வானிலை அறிக்கை வரைக்கும் கேட்டோம். அதற்கப்புறம்தான் இரண்டு பத்து ரூபாய்த் தாள்கள் வெளியே வந்தன.