பக்கம் திருப்பிக் கேட்பது

இசைத்தட்டு வாங்கும் பழக்கம் மறுபடி என்னைத் தொற்றிக்கொண்டது. பழைய தட்டு என்றால் உறையின் அழகில் மயங்குவதில்லை. தட்டை விளிம்பில் பிடித்து வெளியே எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். மேலோட்டமான கீறல் பரவாயில்லை. நகத்தில் தட்டுப்படும் கீறல் என்றால் ஊசி அங்கே குதிக்கும், திரும்ப வைத்துவிடுவேன்.

எல்பி தட்டு, அதாவது நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு, 1948-ல் வந்தது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஒரு பக்கத்தில் சுமார் 20 நிமிட இசை. அந்த வரம்புதான் எனக்குப் பிடித்தது. பாட்டைத் தாண்டிப் போக மனம் வராது. பக்கம் முடிந்தால் எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும், அதனால் காதும் அங்கேயே இருக்கிறது.

ஸ்டீரியோ தட்டில் ஊசி ஓடும் பள்ளத்தின் ஒரு சுவரில் இடப்பக்க ஒலி, மறு சுவரில் வலப்பக்க ஒலி. ஒரே ஊசி இரண்டையும் சேர்த்துப் படிக்கிறது! இன்றும் எனக்கு இது வியப்புதான். அப்புறம் இன்னொன்று: சுற்றும் வேகம் மாறாது, ஆனால் மையத்தை நெருங்க நெருங்க ஒரு சுற்றின் நீளம் குறையும். அதே இசை குறைந்த இடத்தில் நெருக்கிக்கொள்ள வேண்டும். கடைசிப் பாட்டில் 'ச', 'ஸ' ஒலிகள் சற்றுக் கரகரப்பது அதனால்தான். பல தொகுப்புகள் மென்மையான பாட்டோடு முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு: தட்டுகளை நிமிர்த்தியே வையுங்கள், படுக்கவைத்து அடுக்கினால் வளையும். போடும் முன் தூசியைத் துடைத்துவிடுங்கள்.