3421

மார்ச் 3
ஓடும்போதே மேல் ரப்பர் உரிந்துபோன கார் டயரைப் பற்றிய என் புகாருக்கு டயர் கம்பெனியின் பதில் வந்துவிட்டது. "காற்றழுத்தம் குறைவாக ஓட்டியதால் ஏற்பட்ட சேதம். உற்பத்திக் குறை அல்ல." டயரை யாரும் வந்து பார்க்கவில்லை. நான் அனுப்பிய மூன்று படங்களை வைத்தே தீர்ப்பு.

மார்ச் 4
அக்காவுக்குத் தூக்கமில்லை. எனக்கும்.

மார்ச் 6
கார் கம்பெனிக்குப் போன் போட்டேன். டயருக்கு வாரண்டி டயர் கம்பெனிதான் தரும், நாங்கள் இல்லை என்றார்கள். டயர் கம்பெனியோ சக்கரங்களின் அலைன்மென்ட் சரியில்லாமல் இருந்திருக்கும், கார்க்காரர்களைக் கேளுங்கள் என்கிறது. 2000-இல் ஃபயர்ஸ்டோன் என்ற டயர் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றபோதும் இதே கூத்துதான். அவற்றைத் தன் கார்களில் மாட்டியிருந்த ஃபோர்டு, டயரைக் கைகாட்டியது. ஃபயர்ஸ்டோன், ஃபோர்டு சொன்ன 26 பிஎஸ்ஐ காற்று போதாது என்றது. அவர்களுக்குள்ளேயே அப்படியென்றால் நான் எம்மாத்திரம்.

மார்ச் 7
டயரில் இருக்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 3421. அதாவது, செய்தது 2021-ஆம் வருடம், 34-ஆவது வாரம். அதே வாரத்தில் செய்த மற்ற டயர்கள் இப்போது யார் யார் காரில் ஓடுகின்றனவோ.

மார்ச் 9
டயரைப் புரட்டிப் போட்டு டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். காற்றில்லாமல் ஓடியிருந்தால் பக்கச்சுவரின் உட்புறம் மடிந்து மடிந்து சுற்றிலும் ஒரு வளையம் விழுந்திருக்கும், ரப்பர் தூள் தூளாக உதிர்ந்திருக்கும். விரலால் ஒரு சுற்று முழுக்கத் தடவினேன். வழவழவென்று இருக்கிறது. வெளியேதான், ட்ரெட், அதாவது தரையில் படும் ரப்பர், உரிந்து போன இடத்தில், கம்பிகள் தெரிகின்றன. அதைச் சுற்றி ரப்பர் ஒட்டவே ஒட்டாதது போல ஒரு பளபளப்பு, ஓரத்தில் துரு. இந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி யாரும் கேட்கவேயில்லை.

அந்தத் தடதட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மார்ச் 10
இப்போது டயரை அனுப்பச் சொல்கிறார்கள். ஆய்வுக்காம். அறுத்துப் பார்த்தபின் என் கையில் என்ன மிஞ்சும்? படங்களும் அக்காவின் மாவுக்கட்டும்தான். கொடுக்காவிட்டாலோ, வாடிக்கையாளர் ஒத்துழைக்கவில்லை என்று எழுதி ஃபைலை மூடிவிடுவார்கள். வெளியாள் நிபுணர் ஒருவர் கூட இருக்கும்போது அறுங்கள், சம்மதம் என்று எழுதிப் போட்டேன். இரண்டு முறை திருத்தினேன். முதல் பிரதியில் கெட்ட வார்த்தை இருந்தது.

மார்ச் 13
பதில் இல்லை.

மார்ச் 15
"நல்லெண்ண அடிப்படையில்" புது டயருக்குத் தள்ளுபடி தருகிறார்களாம். கீழே பொடி எழுத்தில், இனி எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டுத் தொலை, விடு என்கிறாள் அக்கா. ஒற்றைக் கையால் தலை வாரிக்கொண்டே.

மார்ச் 16
போடவில்லை.

மார்ச் 18
புது ஆள் ஒருவர் பேசினார். டயரில் இருக்கும் எண்ணைப் படிக்கச் சொன்னார். கடைசி நான்கை மட்டும் இரண்டு தடவை கேட்டார். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார்.