அரியணையில் பாதி யாருக்கு?

கற்பனை நாடுகளைப் படைக்கும் கேம்களில், அரசனின் மனைவிக்கோ அரசியின் கணவனுக்கோ என்ன பட்டம் என்பதை அழகாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பட்டத்தோடு என்ன அதிகாரம் கைக்கு வருகிறது என்பதைத்தான் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இந்த இடைவெளியையே கதையின் முடிச்சாக்கிய கேம் என்று 2009இல் பயோவேர் வெளியிட்ட ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ விளையாட்டைச் சொல்வேன்.

அதில் ஃபெரெல்டன் நாட்டு மன்னன் கெய்லன் போர்க்களத்தில் மாண்டுபோகிறான். பிள்ளை இல்லை. அவன் பெயரால் நாட்டு நிர்வாகத்தை உண்மையில் நடத்திவந்தவள் அவன் மனைவி அனோரா. ஆனாலும் அவளுடைய தந்தை லோகெய்ன், மகளின் சார்பில் ஆட்சிப் பொறுப்பைத் தானே ஏற்பதாக அறிவித்துவிடுகிறான். பால்மணம் மாறாத இளவரசனுக்குப் பொறுப்பாளர் வைப்பது வழக்கம். ஆளத் தெரிந்த, வயது வந்த அரசிக்கு எதற்குப் பொறுப்பாளர்? அவளுடைய பட்டம் கணவன் வழியாக வந்தது என்பதும், அவன் போன பிறகு அது எதைப் பற்றி நிற்கும் என்பதற்கு உறுதியான விடை இல்லை என்பதும்தான் காரணம். கடைசியில் ‘லேண்ட்ஸ்மீட்’ என்னும் பிரபுக்கள் சபையில்தான் வழக்கு தீர்கிறது.

அதே கேமில், நம் பாத்திரம் மனிதப் பிரபுக் குடும்பத்தில் பிறந்திருந்தால் மணத்தின் வழியாக அரியணைக்கே போகலாம். பெண்ணாக இருந்து, கெய்லனின் மாற்றாந்தாய்த் தம்பியான அலிஸ்டரை அரசனாக்கி மணந்தால் அரசி. ஆணாக இருந்து அனோராவை மணந்தால் மன்னர் அல்லர், ‘பிரின்ஸ் கன்சார்ட்’, அதாவது ஆளும் அரசியின் கணவர் மட்டுமே. இதை அநீதி என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மன்னர் என்ற பட்டம் அரசியின் பட்டத்துக்கு மேலானதாகக் கருதப்படும் நாட்டில், ஆளும் அரசியின் கணவனை மன்னர் என்று அழைத்தால் அவளுடைய இருக்கையே ஆட்டம் காணும்.

வரலாறும் இதற்குச் சான்று தருகிறது. விக்டோரியா அரசியை 1840இல் மணந்த ஆல்பர்ட்டுக்கு ‘பிரின்ஸ் கன்சார்ட்’ பட்டம் 1857இல்தான் முறைப்படி கிடைத்தது. அதற்கு வெகுகாலம் முன்பே அரசியின் கோப்புகளில் அவர் கை இருந்தது. இங்கிலாந்து அரசி முதலாம் மேரியை 1554இல் மணந்த ஸ்பெயினின் பிலிப்புக்கோ மன்னர் பட்டமே கிடைத்தது. ஆனால் 1558இல் மேரி இறந்ததும் இங்கிலாந்தில் பிலிப்பின் உரிமையும் முடிந்துபோனது. 1689இல் வில்லியமும் இரண்டாம் மேரியும் இருவருமாக முடிசூடினார்கள். ஆட்சி நடத்தும் அதிகாரம் வில்லியமிடம் இருந்தது, 1694இல் மேரி மறைந்த பிறகும் அவரே தொடர்ந்தார்.

நம் பக்கத்தில், முதலாம் குலோத்துங்கனின் மெய்க்கீர்த்தி அவனைத் தன் அரசி புவனமுழுதுடையாளோடு வீரசிம்மாசனத்தில் வீற்றிருந்தவனாகப் பாடுகிறது. இருக்கையில் பங்கு உண்டு என்பது தெரிகிறது. ஆணையில் பங்கு உண்டா என்பதை அந்த வரி சொல்லவில்லை. ஆணையிலும் பங்கு கொடுத்ததற்குச் சோழரிடமே வேறு சான்று உண்டு. 1012இல் ராஜராஜன் தன் மகன் ராஜேந்திரனை உடன் ஆள்பவனாக்கினான்; மகனின் ஆட்சியாண்டுகள் அப்போதிலிருந்தே எண்ணப்பட்டன. இங்கே கரூர்ப் பக்கம் புகழூர் மலைக்குப் போனால், சேரர் குடியின் இளங்கடுங்கோ இளங்கோ (இளவரசன்) ஆனபோது துறவிக்காக வெட்டிக்கொடுத்த கல்படுக்கையும் அதைச் சொல்லும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டும் இருக்கின்றன. பட்டம் ஏற்ற செய்தியைப் பாறையில் பதித்து ஊரறியச் செய்திருக்கிறார்கள். கேம் உலகங்களில் இந்த ஊரறிதலுக்கு யாரும் இடம் வைப்பதில்லை என்பது எனக்குக் குறையாகவே படுகிறது.

கோவையில் நண்பர்களோடு நான் நடத்தும், ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டில் இந்தச் சிக்கல் நேராகவே வந்தது. எல்லைக் கோட்டைக்கு அடைக்கலம் கேட்டு அகதிகள் வந்து நிற்கிறார்கள். அரசி வெளியூரில் இருக்கிறாள். அவளுடைய கணவனாக ஆடிய நண்பர், பகடையைக் கையில் வைத்துக்கொண்டு, “ஏனுங்க, கதவத் தெறக்கச் சொல்ல எனக்கு உரிமை இருக்குதுங்களா?” என்று கேட்டார். அவருடைய பாத்திரத் தாளில் பட்டத்தின் பெயர் இருந்தது. இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. அன்று ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லோருமாகப் பேசி முடிவு செய்தோம்: முத்திரை மோதிரம் அரசியிடம் மட்டுமே இருக்கும்; கோட்டைக் காவலும் தானியக் களஞ்சியமும் கணவன் பொறுப்பு; வரி விதிக்க இருவரும் ஒப்ப வேண்டும். எனவே அவர் கதவைத் திறக்கலாம், உள்ளே வந்தவர்களுக்குச் சோறு போடலாம். ஆனால் குடியுரிமை தர அரசி வந்தாக வேண்டும். அரசி இறந்துவிட்டால் கோட்டை யாருக்கு என்பதில் மட்டும் இன்னும் இரண்டு கட்சியாக நிற்கிறோம். குழந்தை வளரும் வரை கணவனிடம் இருக்கட்டும் என்கிறார் அவர். லோகெய்னை நினைத்துக்கொண்டு, சபை கூடித்தான் கொடுக்க வேண்டும் என்கிறேன் நான்.