14-ம் 10-ம்

திரைப்பாடல்களுக்கு கீபோர்டு புரோகிராமிங் செய்வதுதான் என் வேலை. இசையமைப்பாளர் மெட்டைப் பாடிக் காட்டுவார். தாளம், பேஸ், பின்னணி எல்லாவற்றையும் ஒவ்வொரு நோட்டாகக் கணினியில் நான் அடுக்க வேண்டும். சேர்ந்த புதிதில் ஒரு பாட்டுக்கு ஷேக்கர், அதாவது குலுக்கி வாசிக்கும் தாளக்கருவியின் ஒலி, போட்டுக் கொடுத்தேன். ஒரு நோட்டுகூட இம்மி பிசகாமல் கணினித் திரையின் தாளக் கட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தது. இசையமைப்பாளர் கேட்டுவிட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி. ஆனா உயிர் இல்லையே" என்றார்.

சரியாக இருப்பதில் என்ன குறை என்று எனக்குப் புரியவே இல்லை. அன்று இரவு பக்கத்து அறையில் மிக்சிங் செய்துகொண்டிருந்த அண்ணனிடம் புலம்பினேன். அவர்தான் ஹிடெகி மட்சுடகே என்ற பெயரைச் சொன்னார். "நம்ம தொழில்ல அவர் மூத்தவர். அவர் கைபட்ட ரெக்கார்டுகளை உட்கார்ந்து கேளு."

மட்சுடகே 1951-ல் ஜப்பானின் யோகோஹாமாவில் பிறந்தவர். இருபது வயது வாக்கில் இசையமைப்பாளர் இசாவோ டோமிடாவிடம் உதவியாளரானார். டோமிடா அமெரிக்காவிலிருந்து மூக் சிந்தசைசரை, அதாவது மின்சாரத்தில் ஒலி உண்டாக்கும் கருவியை, வரவழைத்தவர். அது இசைக்கருவிதான் என்று சுங்க அதிகாரிகளை நம்பவைப்பதற்குள் அவர் பெரும்பாடு பட்டார். வயர்களை மாற்றி மாற்றிச் செருகி ஒலியை உருவாக்க வேண்டிய பெரிய பெட்டி அது. உருவாக்கியதைச் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. வயரைப் பிடுங்கினால் அந்த ஒலி போச்சு. அந்தப் பட்டறையில்தான் மட்சுடகே தொழில் பழகினார்.

1977-ல் ரோலண்ட் எம்சி-8 வந்தது. தட்டிக் கொடுக்கும் எண்களை வைத்து சிந்தசைசரைத் தானாக வாசிக்கவைக்கும் கருவி அது. அதில் பியானோ கட்டைகள் இல்லை, கால்குலேட்டர் மாதிரி எண் பொத்தான்கள்தான். ஒரு நோட்டுக்கு முதலில் சுருதிக்கு ஓர் எண். அடுத்த நோட்டு எவ்வளவு நேரம் கழித்து வர வேண்டும் என்பதற்கு இன்னோர் எண். இந்த நோட்டு அதில் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதற்கு மூன்றாவது. கடைசி எண்ணைக் குறைத்தால் நோட்டு நறுக்கென்று நிற்கும், கூட்டினால் அடுத்ததோடு ஒட்டிக்கொண்டு இழையும். இப்படி ஒரு பாட்டு முழுவதையும் தட்ட வேண்டும். ஜப்பானிய இசைக்கலைஞர் ரியூச்சி சகாமோட்டோவின் முதல் தனி ஆல்பம் 339 மணி நேர ஒலிப்பதிவில் உருவானது. பகலெல்லாம் மற்றவர்களுக்கு வாசித்துவிட்டு, நள்ளிரவுக்கு மேல்தான் சகாமோட்டோ இதற்கு உட்காருவாராம். அதன் புரோகிராமிங் மட்சுடகே.

அது 1978. அதே ஆண்டில், ஹொசோனோ, தகஹாஷி, சகாமோட்டோ மூவரின் இசைக்குழுவான யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ராவின் முதல் ஆல்பத்திலும் மட்சுடகே இருந்தார். ஹருவோமி ஹொசோனோவின் இந்தியப் பயணத்துக்குப் பிறகு வந்த 'கொச்சின் மூன்' ஆல்பத்திலும் அவர் வேலை உண்டு. அதன் கடைசிப் பாடலின் தலைப்பில் மெட்ராஸின் பெயர் இருப்பதைப் பார்த்தபோது எனக்குச் சட்டென்று நெருக்கமாகிவிட்டது. அப்புறம் அந்தக் குழுவின் 1979, 1980 உலகச் சுற்றுப்பயணங்கள். மூவரும் வாசிக்க, பின்னால் மூக் பெட்டியோடு நிற்பார் மட்சுடகே. அடுத்த பாட்டுக்கான எண்களை கேசட்டிலிருந்து எம்சி-8-க்கு ஏற்றுவதும் அவர் பொறுப்பு. 'நான்காவது உறுப்பினர்' என்று அவரைச் சொல்வார்கள். அந்த ஆல்பங்களில் அவர் பெயரையும் அச்சிட்டிருக்கிறார்கள். எண்களைத் தட்டியவருக்கும் இசையில் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்களே, அதை நான் பெரிதாக நினைக்கிறேன். நான் வேலை செய்த எத்தனையோ பாடல்களில் என் பெயர் வந்ததில்லை.

அண்ணன் அன்று ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். "ஒரு பீட்டை 24 துண்டா வெட்டிக்கோ. அதுல வர்ற இரண்டு நோட்டுக்கும் 12, 12-னு சமமா பிரிச்சா நேர்நடை. 16, 8-னு முதல் நோட்டை நீட்டிப் பிரிச்சா ஸ்விங். இதுக்கு நடுவுல என்ன இருக்குன்னு தேடு. மட்சுடகே மாதிரி ஆளுங்க தேடினது அதைத்தான்."

மறுநாள் காலை ஏழு மணிக்கே ஸ்டூடியோவுக்குப் போய்விட்டேன். 16, 8 போட்டுப் பார்த்தேன். ஷேக்கர் நொண்டியடித்தது. 13, 11 ஏதோ தப்பு நடந்துவிட்டது போல் கேட்டது. 14, 10-ல் பாட்டு லேசாகச் சாய்ந்து உட்கார்ந்தது. அதிலும் நான்காவது பாரில் (தாளச் சுற்றில்) மட்டும் கடைசி நோட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். பத்தரைக்கு இசையமைப்பாளர் வந்தார். போட்டுக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. கையில் இருந்த பேனா மட்டும் மேஜையில் தட்ட ஆரம்பித்தது. முடிந்ததும், "முதல்ல இருந்து போடு" என்றார்.